நாலடிக்குக் கீழிருந்த மண்

அவர் கை கழுவ மாட்டார்.

பாரிசின் லா சப்பலில் ஒரே மரக்கறிக் கடையில் நாங்கள் வேலை செய்த காலத்தில், அவரைப் பற்றி முதலாளிக்குப் போன முறைப்பாடுகளில் பாதி இதைப் பற்றித்தான். கடைக்குக் கீழே ஒரு நிலவறை. காவ் என்று பிரெஞ்சில் சொல்லிச் சொல்லி எங்களுக்கு அதுவே தமிழாகிவிட்டது. வந்து இறங்கும் கிழங்குப் பெட்டிகளை அங்கே பிரித்து, மண் தட்டி, அழுகினதைக் கழித்து மேலே அனுப்புவது அவருடைய வேலை. நாள் முழுக்க மண் அளைந்த கையை இடுப்பில் கட்டிய நீலத் துணியில் இரண்டு தரம் துடைப்பார். அதே கையால் பாணை முறித்து, சம்பலைத் தொட்டு, ஆறுதலாகச் சாப்பிடுவார். நான் முகத்தைச் சுளித்தால், "மண் ஊத்தை இல்லைத் தம்பி. ஊத்தை எண்டுறது வேறை" என்பார். எது ஊத்தை என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அரை மணித்தியாலம் சொல்லியிருப்பார், மேலே வெண்டிக்காய் வாடியிருக்கும்.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினாலும் அந்தத் தெருவில் யாருக்கும் விளங்காது. எல்லாருக்கும் அவர் சேர்வேயர். அதை மட்டும் அவர் சலிக்காமல் திருத்துவார். தான் காணி அளந்தவன் இல்லை, மண் பார்த்தவன் என்பார். ஊரில் அரசாங்க வேலையில் வன்னிக் காடு முழுக்க நடந்தவர். இத்தனை அடிக்கு ஒரு குழி என்று வெட்டுவித்து, குழிக்குள் இறங்கி நின்று, மேலிருந்து கீழே ஒவ்வொரு படையாகத் தொட்டு, நிறம் என்ன, களியா மணலா, கல் எத்தனையாம் அடியில் வருகிறது என்று எழுதி, அதை வைத்து வரைபடம் போட்டவர். கேட்டவர்களுக்கு இரண்டு வேலையும் ஒன்றுதான். எனக்கும் அப்போது அப்படித்தான்.

கடைக்கு அவர் வந்தது 2009இல். ஊரில் போர் முடிந்த அந்த வருடம் வைகாசிக்குப் பிறகு கொஞ்சக் காலம் எங்கள் தெருவில் யாரும் யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை. வாங்குகிறவர் கையை நீட்டுவார், நாங்கள் நிறுத்துக் கொடுப்போம். அப்படி ஒரு நாளில், அறுபதை நெருங்கிய மெலிந்த மனிதர் ஒருவர் சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு வந்தார். வேலை இருக்கா என்று கேட்பதற்கு முன்பே வாசலில் கிடந்த இராசவள்ளிக் கிழங்கு ஒன்றை எடுத்து மணந்து பார்த்தார். இது தண்ணி நிற்கிற பள்ளத்தில் விளைந்தது, மூன்று நாளில் அழுகும் என்றார். முதலாளி அவரைத் துரத்தாத குறை. மூன்றாம் நாள் கிழங்கு அழுகியது, நாலாம் நாள் அவருக்கு வேலை கிடைத்தது.

ஊரிலிருந்து அவர் கொண்டு வந்ததில் மிஞ்சியது ஒரே ஒரு பொருள். பயண முகவன் பையைப் பறித்துக்கொண்டபோது வயிற்றோடு சேர்த்துச் சட்டைக்குள் செருகி வைத்திருந்த ஒரு சின்னப் புத்தகம். அதில் எழுத்து அதிகம் இல்லை. பக்கம் பக்கமாகச் சிவப்பிலிருந்து மஞ்சள் வரை, கறுப்பிலிருந்து சாம்பல் வரை நிறத் துண்டுகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு நிறத்துக்கும் கீழே ஒரு துளை. மண்ணை நனைத்துத் துளைக்குப் பின்னால் பிடித்து, எந்த நிறத்தோடு ஒத்துப் போகிறது என்று பார்ப்பார். பிறகு பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கி நீட்டுவார். எவ்வளவு நீளத்துக்கு முறியாமல் வருகிறதோ அவ்வளவு களி. பிறகு கடை வினாகிரியில் ஒரு சொட்டு. நுரைத்தால் சுண்ணாம்பு. கடைசியாக மணந்து பார்ப்பார். இத்தனையும் செய்தபிறகும் சட்டென்று சொல்ல மாட்டார். இரண்டு கேள்வி கேட்பார். எந்த மாதம் எடுத்தது? எடுத்த இடம் மேடா, சரிவா, பள்ளமா? மண்ணை மட்டும் பார்த்துச் சொன்னால் பாதி பொய்யாகப் போகும், மழையையும் நிலத்தின் சாய்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பார்.

அகதி விசாரணையில் உன் ஊரைப் பற்றிச் சொல் என்று கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் கோயிலையும் சந்தியையும் பள்ளிக்கூடத்தையும் சொல்லித் தப்பினார்கள். இவர் மேட்டில் செம்மண், சரிவில் கபில மண், வயலில் சாம்பல் மண் என்று தொடங்கி ஏன் அப்படி என்பதற்குள் இறங்கியிருக்கிறார். மொழிபெயர்த்தவர் பிறகு கடைக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார். அகதி காட் கிடைத்தது. மனிதரை நிறுத்துவதற்கு வேறு வழி தெரியாமல்தான் கொடுத்தார்கள் என்பது என்னுடைய கருத்து.

அவரோடு வேலை செய்வது சிரிப்புக்குரிய விடயம் மட்டும் அல்ல. மண்ணைப் பற்றி அவரால் ஒரு சின்னப் பொய் சொல்ல முடியாது. சும்மா இருக்கவும் முடியாது. முதலாளி சின்ன வெங்காயத்தின் மேல் யாழ்ப்பாணம் என்று அட்டை எழுதி வைத்தால், இவர் வாங்க வந்த மனிசிக்கு முன்னாலேயே தோலில் ஒட்டியிருந்த கறுப்பு மண்ணைச் சுரண்டிக் காட்டி, யாழ்ப்பாணச் செம்பாட்டு மண்ணில் விளைந்தது இப்படி இராது என்பார். நான் ஒரு லீவு நாளில் செவ்ரானில் கட்டட வேலைக்குக் களவாகப் போய் வந்ததை, என் சப்பாத்தின் அடியைப் பார்த்து முதலாளிக்கு முன்னாலேயே சொன்னவர்.  பிறகு காவில் போய்ப் பேசினேன். "சப்பாத்தைத் துடைச்சுப் போட்டெல்லோ வந்திருக்கவேணும்" என்றார், என்னில்தான் பிழை என்பதுபோல.

காவுக்குள் ஒரு மூலையில் அவர் நிற்கவே மாட்டார். அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்த மூலை அது. ஒரு மாரிகாலத்தில் வேலையை விட்டுவிட்டு அந்த மூலைக்கு எட்ட நின்று, குனிந்து, உள்ளங்கையை நிலத்தில் வைத்தபடி கன நேரம் இருந்தார். நான் கூப்பிட்டும் திரும்பவில்லை. எழும்பியபோது முகம் சரியில்லை. கீழே வெறுமை என்றார். இந்தப் பக்கத்து நிலத்துக்கு அடியில் ஒருவகை வெள்ளைக் கல் இருக்கிறது, சுவருக்குப் பூசுவதற்காக முந்தின காலத்தில் தோண்டி எடுத்தார்கள், மிஞ்சியது தண்ணீர் பட்டால் சீனி மாதிரிக் கரையும், எங்கோ குழாய் ஒழுகுகிறது, மூட்டையை மாற்றும்படி முதலாளிக்குச் சொல்லும் என்றார். நான் சொன்னேன். முதலாளி சிரித்தார். இரண்டு மாதம் கழித்து ஒரு காலை கதவைத் திறந்தபோது அந்த மூலை ஒரு முழம் இறங்கியிருந்தது. மூட்டைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. அதற்குப் பிறகு முதலாளி அவரோடு பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். எனக்கும் அவர் பாதையில் நின்று குனிந்து பார்த்தால் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிற பழக்கம் வந்தது.

இன்னொன்று எனக்கு இன்றைக்கும் மனவருத்தம். புதுச்சேரிக்காரர் ஒருவர், பிரெஞ்சு அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளிதோறும் மீன் குழம்புக்குக் கத்தரிக்காய் வாங்க வருவார். அவருடைய அப்பாவின் கல்லறையிலிருந்து தம்பி மகன் கொண்டு வந்த மண் என்று ஒரு சின்னப் போத்தலைக் கொண்டுவந்து காட்டினார். "எங்க சிமித்தியேர் ஊருக்கு உள்ள, மேட்டுல இருக்கு. செக்கச் செவேல்னு இருக்கும்" என்று பெருமையாகச் சொன்னார். சேர்வேயர் போத்தலைச் சரித்தார். உள்ளங்கையில் விழுந்தது வெளிறிய மணல், அதில் நொறுங்கிய சிப்பி. இது கடற்கரை, மேட்டு மண் இல்லை என்றார். பெடியன் மறந்துபோய், கடைசி நாளில் கடற்கரையில் அள்ளியிருப்பான். புதுச்சேரிக்காரர் மணலைப் போத்தலுக்குள் திரும்பப் போடக்கூட இல்லை. கத்தரிக்காயையும் விட்டுவிட்டுப் போனார். பிறகு எங்கள் கடைக்கு வரவில்லை.

ஒருக்கால் ஓம் என்று சொன்னால் என்ன குடி முழுகிவிடும் என்று நான் அன்றைக்குச் சண்டை பிடித்தேன். அவர் கிழங்கைத் தட்டிக்கொண்டே ஒரு கதை சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேலதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டபடி, வரைபடத்தில் ஒரு துண்டு நிலத்துக்கு நல்ல மண்ணின் நிறத்தைத் தீட்டிக் கொடுத்திருக்கிறார். உண்மையில் அது உவர் மண். அந்தப் படத்தை நம்பி அங்கே ஆட்களைக் குடியேற்றினார்கள். வெட்டிய கிணறெல்லாம் உப்பு. விதைத்தது முளைக்கவில்லை. ஒரு தகப்பன் பூச்சிமருந்து குடித்தான். "பொய் எழுதின இடத்திலை ஆள் குடியிருக்கும் தம்பி" என்றார். 

இனி என் அக்காவின் கதைக்கு வர வேண்டும். இவ்வளவு நேரமும் அதற்குப் போகப் பயந்துதான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அக்கா பாரிசுக்கு வெளியே எபினேயில் இருக்கிறாள். மகளோடு இந்தியா வழியாக 2011இல் வந்து சேர்ந்தவள். அத்தான் வரவில்லை. இடம்பெயர்ந்த காலத்தில் காணாமல் போனவர்களில் அவரும் ஒருவர். கடைசியில் கடற்கரைப் பக்கம் கண்டோம் என்று ஒருவர் சொன்னார். முகாமில் பெயர் கேட்டது என்று இன்னொருவர் சொன்னார். அக்கா இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தாள். பொட்டும் தாலியும் இருந்தன. வைகாசியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு நாள் வைக்கிறார்கள், நீயும் அந்த நாளில் திவசத்தைச் செய் என்று சொந்தக்காரர் நெருக்கினார்கள். ஆள் இல்லை என்பதற்கு நாள் இல்லை, நாள் இல்லாமல் திதி எங்கே என்று அவள் வாயை அடைத்துவிடுவாள். நானும் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன். கதவு மணி அடித்தால் எனக்கு முன்னம் அவள் எழும்பிவிடுவாள்.

2013 ஓகஸ்டில் நான் ஊருக்குப் போனேன். எங்களுக்கு லீவு கிடைப்பது ஓகஸ்டில்தான், பாரிசில் இருந்து போகிற எல்லாரும் அப்போதுதான் போவோம். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. தன் வளவு மண்ணில் கொஞ்சம். பல்கனியில் கறிவேப்பிலை வைத்து வைத்து மூன்று கன்று செத்துவிட்டது, எங்கள் மண்ணென்றால் வரும் என்றாள். அவளுடைய வளவு வன்னியில் ஒரு குளத்துக்குக் கீழே. வீட்டில் சுவர் மட்டும் நின்றது. பற்றையை விலக்கிக்கொண்டு போய் மண்ணைக் கிளறினால், கிளறினால்தானே. வெயிலில் நிலம் சீமெந்து மாதிரி இறுகிக் கிடந்தது. மண்வெட்டி கொண்டுபோகவில்லை. தங்கியிருந்த வீட்டுச் சோற்றுக் கரண்டிதான் கையில் இருந்தது. அது வளைந்ததுதான் மிச்சம். வீட்டுக்குப் பின்னால் ஒரு இடம் மட்டும் இளக்கமாக இருந்தது. கரண்டி முழங்கை ஆழத்துக்கு இறங்கியது. சந்தோசமாக அள்ளி, பொலித்தீன் பையில் கட்டி, பால்மாத் தகரப் பேணிக்குள் வைத்து, மேலே மிளகாய்த்தூளைக் கொட்டி மூடி, விமான நிலையத்தில் அரைத்த தூள் என்று சொல்லிக் கொண்டுவந்துவிட்டேன். இப்படியொரு கெட்டிக்காரத்தனத்தை நான் என் வாழ்க்கையில் வேறு எதிலும் காட்டவில்லை.

அக்கா பேணியில் பாதியைச் சாடிக்குள் போட்டுக் கன்றை நட்டாள். மற்றப் பாதியைச் சாமிப்படத்துக்குக் கீழே வைத்தாள். அந்தக் கன்று வளர்ந்த விதம் இருக்கிறதே! பாரிசுக் குளிரில் மற்றவர்கள் வீட்டுக்குள் வைத்துப் போர்த்துகிற செடி, இது பல்கனியில் நின்று துளிர்த்தது. இலை ஒவ்வொன்றும் கரும்பச்சையாக, தடிப்பாக, மினுங்கிக்கொண்டு இருந்தது. ஞாயிறுகளில் நான் போனால் அந்த இலை போட்ட சொதிதான். ஒரு வருடம் போல அப்படிச் சாப்பிட்டேன். அடுத்த கோடையில் ஒரு கொத்தை ஒடித்துக் கடைக்குக் கொண்டுபோய், வன்னி மண்ணின் விளைச்சல் என்று சேர்வேயருக்குக் காட்டினேன்.

அவர் இலையைத் திருப்பிப் பார்த்தார். உரம் போடுகிறாளா என்று கேட்டார். தண்ணீர் மட்டும்தான் என்றேன். மண்ணைக் கொண்டுவாரும் என்றார். சாமிப்படத்துக்குக் கீழிருந்த பேணியை அக்காவிடம் கேட்டு வாங்கிப் போனேன். எல்லாருக்கும் சொல்கிறவர் எனக்கும் ஒன்று சொல்லட்டுமே என்ற விளையாட்டுத்தான்.

காவில் விளக்குக்குக் கீழே ஒரு கிழங்குப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் மண்ணைப் பரப்பினார். நனைத்தார், நிறத் துளையில் பிடித்தார், நசுக்கி நீட்டினார். மஞ்சள் கலந்த மண். விளக்கில் காக்காப்பொன் மினுங்கியது. நடுவில் மிளகளவு வெள்ளைக் கட்டிகள். வினாகிரி விட்டதும் நுரைத்தன. ஒரு மண் கட்டியைத் தூக்கி, அதன் ஒரு பக்கம் மட்டும் மழுமழுவென்று இருந்ததை விரலால் தடவிப் பார்த்தார். வீட்டு வாசலில் நின்றால் குளக்கட்டு தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். சரிவின் கீழ்ப் பக்கம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார்.

"எந்த மாதம் எடுத்தனீர்?"

"ஓகஸ்ட்."

"என்னத்தாலை கிண்டினனீர்?"

"சோத்துக் கரண்டியாலை."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஓகஸ்டிலை அந்த மண்ணைக் கரண்டியாலை கிண்டேலாது தம்பி."

பிறகு விளக்கினார். அங்கே மழை நாலு மாதம், மிச்சம் வெயில். நாலு மாத மழை மேல் மண்ணிலிருந்த சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே கொண்டு போகும், ஆனால் முழுக்கக் கொண்டுபோகப் போதாது, நாலடியில் விட்டுவிடும். அதனால் இந்த வெள்ளைக் கட்டியும் காக்காப்பொன்னும் மேல் மண்ணில் இருக்கவே முடியாது. இது நாலடிக்குக் கீழிருந்த மண். யாரோ வெட்டி மேலே போட்டிருக்கிறார்கள். இதில் சத்தில்லை, கறிவேப்பிலை இதில் வரக்கூடாது.

பங்கராக இருக்கும் என்றேன். வன்னியில் குண்டுவீச்சுக்குப் பயந்து வளவுக்கு ஒரு பதுங்குகுழி வெட்டாத வீடு இல்லை. ஓம், ஓம், பங்கர் என்றார், முகம் தெளிந்தது. அப்படியே, வழக்கப்படி, கடைசியாக ஒரு பிடியை எடுத்து மணந்தார்.

மிளகாய்த்தூள் வாசம் ஏறியிருக்கும் என்று நான் பகிடி சொன்னேன். அவர் இன்னொரு தரம், ஆழமாக மணந்தார். பிடியை மெல்லப் பேணிக்குள் விட்டார். பெட்டியில் சிந்தினதை ஒரு துகள் விடாமல் அட்டைத் துண்டால் கூட்டி அள்ளி அதற்குள் போட்டு மூடினார். பங்கரை யார் மூடினது என்று அக்காவிடம் கேட்டுப் பாரும் என்றார். பிறகு படியேறி மேலே போனார். நான் பின்னால் போய்ப் பார்த்தபோது அவர் கழுவுதொட்டியில், சவர்க்காரம் போட்டு, முழங்கை வரை கை கழுவிக்கொண்டிருந்தார். அஞ்சு வருடத்தில் முதல் தடவை. 

அக்காவிடம் கேட்காமல் விட்டிருக்கலாம். நான் ஒரு ஓட்டை வாய். அந்த ஞாயிறே, சும்மா கதையோடு கதையாகக் கேட்டேன். அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், கை நின்றது.

"பங்கரை நாங்கள் மூடேல்லையே. மேலை போட்டிருந்த பனங்குத்தி எல்லாத்தையும் கழட்டி ட்ரக்டரிலை ஏத்திக்கொண்டெல்லோ வெளிக்கிட்டனாங்கள், போற இடத்திலை பங்கருக்கு மரம் வேணுமெண்டு. குழி திறந்துதான் கிடந்தது."

ஏற்ற முடியாமல் இரண்டு குற்றி மிஞ்சியிருந்ததாம். அக்காவையும் பிள்ளையையும் அடுத்த ஊரில் இறக்கிவிட்டு, அதை எடுக்க அத்தான் சைக்கிளில் திரும்பிப் போனார். 2009 தை மாதம். பொழுதுபடுவதற்குள் வந்துவிடுவேன் என்றார். இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்த கதை. ஆனால் கடற்கரையில் கண்டவர்கள் இருந்ததால், அந்த இரண்டு குற்றியை நாங்கள் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. அக்கா துருவுபலகையைத் தள்ளி வைத்தாள். அந்த அண்ணையை வருகிற ஞாயிறு கூட்டிக்கொண்டு வா என்றாள்.

அவர் வர விரும்பவில்லை. இரண்டு நாள் கெஞ்சினேன். கழுத்துவரை பூட்டிய அதே சட்டையோடு வந்தார். அக்கா இடியப்பமும் சம்பலும் சொதியும் செய்து மூடி வைத்திருந்தாள். முதலில் பல்கனிக்குக் கூட்டிப் போனாள். செடி இடுப்பளவுக்கு நின்றது.  அவர் சாடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தார். அதை நீட்டிப் பார்க்கவும் இல்லை, மணக்கவும் இல்லை. விரலில் வைத்துக்கொண்டு நின்றார்.

அக்கா கேள்விகளைத் தன் பாட்டில் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தவள்போலக் கேட்டாள். குழி இடிந்து விழுந்ததா, மூடினதா?

"மூடினது தங்கச்சி. கட்டியிலை மண்வெட்டி அலகு பட்ட முகம் இருக்கு."

"எப்ப?"

"எந்த வருசம் எண்டு சொல்லமாட்டன். மண் நல்ல ஈரமாய் இருக்கேக்கை. மாரி முடியிற நேரம், தை போலை. காய்ஞ்ச மண்ணிலை அலகு அப்பிடி வழுக்காது."

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கீழே பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. நான் அவரைப் பார்த்தேன். பொய் தெரியாத மனிதர். புதுச்சேரிக்காரரின் போத்தலைச் சரித்த அதே கை. கடவுளே, இவரை ஏன் கூட்டிவந்தேன் என்று இருந்தது.

"அதுக்குள்ளை ஆள் இருக்கோ அண்ணை?"

அவர் விரலில் இருந்த மண்ணைச் சாடிக்குள் மெல்ல உதிர்த்தார்.

"அது எனக்குத் தெரியாது தங்கச்சி" என்றார்.

அக்கா அவரையே பார்த்தாள். பிறகு ஓம் என்று தலையாட்டிவிட்டு, சாப்பிட வாருங்கோ என்றாள். அவர் கை கழுவ எங்கே என்று கேட்டார். குசினியில் தண்ணீர் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அக்காவுக்கு அவருடைய வழக்கம் தெரியாது. எனக்குத் தெரியும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடியப்பத்தைச் சம்பலோடு சாப்பிட்டார். அக்கா சொதியை அகப்பையில் எடுத்துக்கொண்டு வந்தபோது தட்டின் மேல் கையை விரித்து மறைத்தார். வேண்டாம் என்றார். கொஞ்சம், என்றாள். வேண்டாம் தங்கச்சி என்றார் மறுபடி, அவள் முகத்தைப் பார்க்காமல். அக்கா அகப்பையோடு அப்படியே நின்றாள். அதில் மிதந்த கறிவேப்பிலையைப் பார்த்தாள். பிறகு சட்டியை மூடிக் குசினிக்குள் கொண்டுபோனாள்.

திரும்பும் ரயிலில் கார்-து-நோர் நிலையம் வரப் போகும்போதுதான், எவ்வளவு காலமாக அங்கே சாப்பிடுகிறீர் என்று கேட்டார். ஒரு வருடம் வரும் என்றேன். தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அவரிடம் அதைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை, அவரும் எடுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கண்டேன். அன்றிலிருந்து யார் எந்த மண்ணைக் கொண்டுவந்து காட்டினாலும், கண் மங்கிப் போச்சு, நிறம் பிடிபடுகுதில்லை என்று சொல்லிவிடுவார். நிறப் புத்தகம் தூள் பெட்டிகளுக்கு மேல் தூசி பிடித்துக் கிடந்தது.

இரண்டு வருடம் கழித்து வேலையை விட்டுச் செவ்ரானில் மருமகன் வீட்டோடு போனார். பிறகு அவருடைய செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். பெட்டிக்குள் கைகளை நெஞ்சின் மேல் கோத்து வைத்திருந்தார்கள். நகக்கண் வரை வெள்ளையாகக் கழுவிவிட்டிருந்தார்கள். அந்தக் கைகளைப் பார்த்தால் வேறு யாரோ படுத்திருப்பதுபோல இருந்தது. அழுகை வந்தது எனக்கு.

அவர் சாப்பிட்டுப் போன கிழமைக்கு அடுத்த ஞாயிறை மட்டும் சொல்லி முடிக்கிறேன். வழக்கம்போல எபினேக்குப் போனேன். வழக்கம்போல இடியப்பம் இருந்தது. சொதியில் கறிவேப்பிலை இல்லை.  பல்கனிக் கதவு திறந்திருந்தது. செடியில் ஒரு இலைகூட ஆயவில்லை. உதிர்ந்தவற்றை யாரோ பொறுக்கிச் சாடிக்குள்ளேயே போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு சிறு விளக்கு எரிந்தது.

சாப்பிட்டு முடிந்ததும் அக்கா ஒரு கடிதாசித் துண்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஒரு திகதி எழுதியிருந்தது. வைகாசித் திகதி அல்ல. தை மாதத்துத் திகதி, அத்தான் பனங்குற்றி எடுக்கத் திரும்பிப் போன நாள்.

"இந்த நாளுக்கு என்ன திதி எண்டு ஐயரிட்டைக் கேட்டுக்கொண்டு வா தம்பி" என்றாள்.